‘இல்லை’ என்று நிரப்பிய கட்டம்

வவுனியா
09.06.2024

அன்புள்ள லக்சிகா,

அரிசியும் மோர்மிளகாயும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பையைக் கையில் தரும்போது பஸ் கண்டக்டர் வீரையா அண்ணை, "என்ன தம்பி, மனுசி ஒரு துண்டுக் கடுதாசிகூட வைக்கேல்லையே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பையைக் கொட்டி இரண்டு தரம் தேடியது அவருக்குத் தெரியாது.

கோபம் என்று விளங்குகிறது. கல்யாணம் கட்டி இரண்டு வருடம் முடிய முதல் உம்மை அக்கராயனில் என் அம்மா அப்பாவுடன் விட்டுவிட்டு, யப்பான் மொழி படிக்கிறேன் என்று இங்கே வந்து குந்தியிருக்கிறேன். போதாததற்குப் போனும் எடுப்பதில்லை. வகுப்பில் போனுக்குத் தடை என்று சொன்னேன்தானே. அதனால் எழுதுவோம். பஸ் தினமும் ஓடுகிறது.

இந்த மொழியைப் பற்றி ஆருக்காவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வயலுக்கு அவர்களிடம் ஓர் எழுத்து இருக்கிறது. ஒரு சதுரம், உள்ளே குறுக்காக ஒரு கோடு, நெடுக்காக ஒரு கோடு. அவ்வளவுதான். பார்த்ததும் வாய் பிளந்து இருந்துவிட்டேன். நாலு வயல், நடுவில் வரம்பு! அக்கராயன் குளக்கட்டில் நின்று கீழே பார்த்தால் தெரிவதும் அதுதானே. எத்தனையோ நூறு வருடத்துக்கு முதல் ஆரோ ஒருத்தர் எங்கள் வரம்பில் நின்று கீறியதுபோல இருக்கிறது. அந்த வயலுக்குக் கீழே பலம் என்ற எழுத்தைப் போட்டால் ஆம்பிளை என்று அர்த்தமாம். அப்பாவிடம் சொல்லும், சந்தோசப்படுவார்.

வசனமும் எங்கள் வசனம் போலத்தான். வினை கடைசியில் வந்து குந்துகிறது. காதால் கேட்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் எங்களைப் போலவே அவர்களுக்கும் ஒரே சொல். இங்கே படிப்பிக்கிற சுமித்திரா ரீச்சர், "தமிழாக்களுக்கு இதில பாதி பிறக்கேக்கையே தெரியும்" என்கிறா. கும்பிட வேண்டும்போல இருக்கிறது எனக்கு.

அம்மா கேட்டால் சொல்ல வசதியாக விசயத்தையும் எழுதுகிறேன். அங்கே படிக்கப் போகிற வெளிநாட்டாருக்கு மொழித் தேர்ச்சிச் சான்று வேண்டும். ஐந்து படி இருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் இரண்டாம் படி கேட்பார்கள். என்னை எடுக்கச் சம்மதித்த மொழிப் பள்ளிக்கு ஆகக் கீழே இருக்கும் ஐந்தாம் படி போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும். அது கிடைத்தால் மொழி, பிறகு இயந்திரத் தொழில்நுட்பம், பிறகு நீரும் வரலாம். கிடைக்காவிட்டால் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினைத் திருத்தக் கீழே படுத்து, அதிலுள்ள வாசிக்கத் தெரியாத யப்பான் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கிழவனாக வேண்டியதுதான். ஜூலை ஏழாம் திகதி கொழும்பில் சோதனை.

எழுதும்.
கோகுலன்


அக்கராயன்
16.06.2024

அன்புள்ள கோகுலனுக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். எழுதினாலாவது பதில் வரும். வாயால் கேட்டால் உங்களிடம் பதில் வந்த நாளை நான் கலண்டரில் குறித்து வைக்கலாம். உங்களுக்குச் சொல்வது செவிடன் காதில் ஊதின சங்குதான். அடுப்படியிலிருந்து நான் கத்துவேன், நீங்கள் ஞானி மாதிரி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

வயல் எழுத்தை மாமாவுக்கு மண்ணில் கீறிக் காட்டினேன். கனநேரம் குனிந்து பார்த்தார். "வாய்க்கால் எங்க?" என்று கேட்டார். யப்பான்காரரிடம் கேட்டு எழுதுங்கோ.

உங்களிடம் ஒரு களவு சொல்ல வேண்டும். என் போனில் நீங்கள் ஏற்றிவிட்டுப் போன ‘கேட்டல்’ பாடங்களைப் புல்லுப் பிடுங்கும்போது நானும் போட்டுக் கேட்கிறேன். முதல் நாள் தகரத்தில் மழை விழுந்தது போல ஒரே சத்தம். இப்போது ஒருத்தி, ஸ்டேசன் எங்கே என்று கேட்கிறாள், ஒருத்தன், வலப்பக்கம் திரும்பு என்கிறான். எனக்கு விளங்குகிறது! பக்கத்து வயல் சுதர்சினி அக்கா, "ஆரோட கதைக்கிறாய்?" என்றா. "யப்பானில ஒருத்தி வழி தவறிப் போட்டாள்" என்றேன்.

எழுத்து உங்களுக்கு, சத்தம் எனக்கு. நல்ல சோடிதான்.

மாமி நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. நான் வைக்கவில்லை. நீங்கள் படிப்பீர்கள்.

லக்சிகா


வவுனியா
10.07.2024

அன்புள்ள லக்சிகா,

சோதனை முடிந்தது. மண்டபத்துக்குள் போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். இவ்வளவு பேரா! கண்டியில் இருந்து, காலியில் இருந்து, மட்டக்களப்பில் இருந்து எல்லாரும் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ‘தொடங்கலாம்’ என்றதும் நூற்றுக்கணக்கான தாள் ஒரே நேரத்தில் புரண்ட சத்தம், காலபோக நெல்லு வெட்டுக்கு ஆட்கள் வயலில் இறங்குகிற மாதிரி இருந்தது.

எழுத்து, சொல், வாசிப்பு எல்லாம் நன்றாகச் செய்தேன். ஒரு பந்தியில் ஒரு கிழவர் தன் நாயைப் பற்றி எழுதியிருந்தார். அதை வாசித்து முடித்தபிறகுதான் நான் வாசித்தது தமிழ் இல்லை என்று நினைவு வந்தது. அக்கராயன் கோகுலன், ஒரு யப்பான் கிழவரின் நாய்க்காகக் கவலைப்பட்டான்.

கேட்டல் பகுதி கடைசி. முன்னுக்கு ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டார்கள். ஒருமுறைதான் போடுவார்கள். பரவாயில்லை, சரிவரும்.

மோர்மிளகாய் முடிந்துவிட்டது.

கோகுலன்


அக்கராயன்
30.08.2024

கோகுலனுக்கு,

பெறுபேறு நேற்று இணையத்தில் வந்தது. உங்கள் பதிவெண் என் போனில் இருந்ததால் நான்தான் முதலில் பார்த்தேன். வெண்டைக்காய் நறுக்கின கத்தியோடு அப்படியே நின்றேன்.

மொத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றிரண்டு. எண்பது எடுத்தால் போதும் என்றுதானே சொன்னீர்கள்? ஆனால் கீழே ‘சித்தியில்லை’ என்று இருந்தது. ஏதோ பிழை என்று சுமித்திரா ரீச்சருக்குப் போன் எடுத்தேன். அவா விளக்கினா. மொத்தம் போதாதாம், கேட்டலில் தனியாகப் பத்தொன்பது எடுக்க வேண்டுமாம். நீங்கள் அறுபதுக்குப் பதினேழு. மற்றப் பகுதியில் எண்பத்தைந்து. "இவ்வளவு எடுத்த பிள்ளை இதில ஏன் விழுந்தார் எண்டு எனக்கே விளங்கேல்லை" என்றா.

இன்னொன்றும் சொன்னா. "நீங்களே அவருக்குப் போன் எடுத்துக் கேக்கலாம்தானே, வகுப்பில போனுக்குத் தடையெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டா.

கோகுலன், தடை இல்லையாம். மூன்று மாதமாக நான் நம்பினேன். என்னோடு கதைக்க உங்களுக்கு அவ்வளவு பாரமா? அப்படியென்றால் அதை நேரே எழுதுங்கோ. தாங்குவேன். பொய்தான் தாங்க முடியவில்லை.

இந்தக் கிழமை பையில் அரிசி மட்டும்தான்.

லக்சிகா


வவுனியா
04.09.2024

லக்சி,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

எனக்கு இடது காது கேட்காது. கொஞ்சம்கூடக் கேட்காது. வலது காது அமைதியான இடத்தில் கேட்கும். நாலு பேர் சேர்ந்து கதைத்தால், காற்றாடி சுற்றினால், எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். போனிலும் அப்படித்தான். நீர் ஒன்று சொல்ல நான் வேறொன்று சொல்லி மாட்டிவிடுவேன் என்ற பயத்தில்தான் தடை என்று பொய் சொன்னேன். கடிதத்தில் எனக்கு எல்லாம் கேட்கும்.

2009இல், கடைசிச் சண்டைக்குள், மாத்தளனில். எனக்குப் பதினொரு வயது. பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்தது. காயம் ஒன்றும் பெரிதாக இல்லை, காதால் ரத்தம் வந்தது, பிறகு நின்றது. முகாமுக்கு வரும் வழியில் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ஆர் கேட்டாலும் ஒண்டுமில்லையெண்டு சொல்லு. காயமெண்டால் இயக்கமெண்டு சொல்லி ஆமிக்காரர் பிரிச்சுக் கொண்டு போயிடுவாங்கள்" என்றா. உமக்குத் தெரியும்தானே, அந்த நேரம் காயம் இருந்தவனிடம் ஆயிரம் கேள்வி. எங்கே பட்டது, எப்படிப் பட்டது, நீ ஆர். நான் ‘ஒன்றுமில்லை’ என்றேன். அது அப்படியே பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டைக்கு, லைசன்ஸுக்கு, எல்லாப் படிவத்திலும் ‘ஒன்றுமில்லை’.

இந்தச் சோதனைப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்தது. உடல் குறைபாட்டால் விசேட ஏற்பாடு தேவையா என்று. வாசித்து முடிக்க முதலே கை ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டது.

அந்தப் பெட்டி முன்னுக்கு என் இடப்பக்கமாக இருந்தது, லக்சி. மேலே காற்றாடி. ஒரு பெண் ஏதோ சொன்னாள், எல்லாரும் ஒன்றாகக் குனிந்து புள்ளி நிரப்பினார்கள். நானும் குனிந்தேன்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. டிசெம்பர் சோதனை வரை என் இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்குமேல் இல்லை.

உம்மை ஏமாற்றிக் கட்டிவிட்டேன். என்ன நினைத்தாலும் எழுதும்.

கோகுலன்


அக்கராயன்
08.09.2024

கோகுலன்,

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் ஒரு காதையே இரண்டு வருடம் தலையில் வைத்துக்கொண்டு மறைத்திருக்கிறீர்கள். கெட்டிக்காரன்தான். சங்கு, செவிடன் என்று எழுதின என் கையைத்தான் அடுப்பில் வைக்க வேண்டும்.

ஒரு கதை சொல்லவேண்டும். கல்யாணம் முடிந்து அஞ்சாம் நாள் என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் உங்கள் இடப்பக்கம் நடந்தேன். காற்று. ஒரு கேள்வி கேட்டேன். கேட்பதற்கு முதல் அரைக் கட்டை தூரம் அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "என்னைப் பிடிச்சுத்தான் கட்டினீங்களோ, இல்லாட்டி மாமி சொன்னதுக்காகவோ?" நீங்கள் தண்ணீரைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தீர்கள். பதில் இல்லை. அதுதான் பதில் என்று நினைத்தேன். இரண்டு வருடம் அதையே பதிலாக வைத்துக்கொண்டு உங்களுக்குச் சோறு போட்டேன்.

நேற்று உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் இருந்து சத்தமாக அழுதேன். பிறகு சிரித்தேன். பேய் பிடித்துவிட்டது என்று மாமி பயந்துபோய்த் தேசிக்காயோடு வந்தா.

இனி நான் சொல்வதைச் செய்யுங்கோ. ரீச்சரிடம் மீண்டும் கதைத்தேன். அந்தக் கட்டம் உங்களைப் பிடிப்பதற்கு இல்லையாம். கேட்காதவனுக்குக் கேட்கிற மாதிரிச் செய்து கொடுப்பதற்காம். வைத்தியரின் கடிதத்தோடு விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. உனக்கு எங்கே நோகுது என்று கேட்டு, அதற்கேற்ற கதிரை போடுகிற சோதனை ஒன்று உலகத்தில் இருக்கிறதா?

இருக்கிறது என்றால் போய் இருங்கோ. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. காதைக் காட்டுங்கோ. அந்தக் கட்டத்தில் ‘ஓம்’ என்று நிரப்புங்கோ.

கேள்விக்கும் பதில் வேண்டும். எழுத்தில்.

லக்சிகா


வவுனியா
19.09.2024

என் லக்சி,

முதலில் பதில். பிடித்துத்தான் கட்டினேன். ஸ்கந்தபுரம் கோயிலில் நீர் ஒரு கிழவியோடு செருப்புக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றீர். தூரத்தில் நின்ற எனக்கே உம்முடைய சத்தம் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான்தான் கேட்டேன். அம்மா சொல்லிக் கட்டவில்லை, நான் சொல்லி அம்மா கேட்டா. குளக்கட்டில் நீர் கேட்டது எனக்குக் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். இரண்டு வருடம்! என்னை மன்னியும்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் நின்றேன். வைத்தியர் இளம் பெண். "எப்ப இருந்து?" என்றா. வாய் வழக்கம்போல ‘சின்னனில் காய்ச்சல்’ என்று தொடங்கியது. நிறுத்திவிட்டு, "2009. செல்" என்றேன். சொன்னதும் நெஞ்சு அடித்த அடியில் நல்ல காதும் அடைத்துவிட்டது. அவா பேனையை எடுத்து எழுதினா. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆரும் வரவில்லை. கதவு சாத்தப்படவில்லை. "அடுத்த கிழமை கேட்டல் பரிசோதனைக்கு வாங்கோ" என்று மட்டும் சொன்னா. வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்து, இவ்வளவுதானா என்று கனநேரம் வியந்துகொண்டிருந்தேன்.

பரிசோதனை நேற்று முடிந்தது, கடிதமும் தந்தார்கள். விண்ணப்பம் இன்று போய்விட்டது. ‘ஓம்’ என்று நிரப்பினேன். அந்த ஒரு சொல்லை எழுத எடுத்த நேரத்தில் நூறு கன்ஜி எழுத்து எழுதியிருக்கலாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவேண்டாம். பயப்படுவா.

உம்முடைய கோகுலன்


வவுனியா
03.12.2024

என் லக்சி,

முதலாம் திகதி நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கேட்டலுக்கு நேரம் வந்ததும் ஒருவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மற்ற எல்லாரும் மண்டபத்தில் இருக்க நான் மட்டும் எழும்பி நடந்தேன். ஒருத்தனைத் தனியாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால் எங்கள் ஆட்களுக்கு என்ன நினைவு வரும் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. சட்டை நனைந்துவிட்டது.

ஒரு சின்ன அறை. காற்றாடியை நிறுத்தியிருந்தார்கள். யன்னல் சாத்தியிருந்தது. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு ஹெட்போன். அங்கே ஒரு யப்பான் அம்மா நின்றா. வயது அறுபது இருக்கும். என்னைக் கண்டதும் குனிந்து வணக்கம் சொன்னா. எனக்கு, லக்சி! பின்னுக்கு ஆரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஆரும் இல்லை.

ஹெட்போனைப் போட்டுவிட்டு, சத்தம் போதுமா என்று கேட்டா. போதும் என்றேன். அவா விடவில்லை. கொஞ்சம் கூட்டிவிட்டு, இது எப்படி, என்றா. இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, இது எப்படி, என்றா. எனக்குச் சரியாகும்வரை அந்த அறையில் ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை. பதினைந்து வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் கேட்க விட்டதும் இல்லை.

பிறகு தொடங்கியது. ஒரு பெட்டை தன் சினேகிதனிடம், நாளைக்கு மழை பெய்தால் என்ன செய்வோம் என்று கேட்டாள். படம் பார்க்கப் போவோம் என்றான் அவன்.

கேட்டது, லக்சி. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் ‘மழை’ என்று சொல்லும்போது மூச்சு விட்டதுகூடக் கேட்டது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத இருவர் மழையைப் பற்றிக் கதைக்கிறார்கள், அதை எனக்காக ஓர் அறையை அமைதியாக்கி, கொண்டுவந்து காதில் வைக்கிறார்கள். கண் நிறைந்து புள்ளி நிரப்பவேண்டிய வட்டம் தெரியவில்லை. சேட்டுக் கையால் துடைத்துவிட்டு நிரப்பினேன்.

சித்தியோ இல்லையோ தெரியாது. இந்த அரை மணித்தியாலத்தை ஆரும் என்னிடம் இருந்து எடுக்க முடியாது. பையைக் கட்டிவிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு கிழமை நிற்பேன். அம்மாவுக்கு நானே எல்லாம் சொல்கிறேன்.

கோகுலன்


அக்கராயன்
28.01.2025

என் கோகுலனுக்கு,

போனிலேயே கத்திச் சொல்லிவிட்டேன், நீங்களும் கத்தி, அங்கே உங்களோடு தங்கியிருக்கிற போடிங்காரரை எல்லாம் எழுப்பிவிட்டீர்கள். ஆனாலும் இதை எழுத்தில் வைக்க வேண்டும். மொத்தம் நூற்று நாற்பத்தொன்று. கேட்டல் அறுபதுக்கு நாற்பத்தெட்டு. சித்தி. பள்ளிக்கு அனுப்ப வேண்டியதை ரீச்சர் நேற்றே அனுப்பிவிட்டாவாம். ஜூலையில் நீங்கள் யப்பானில்.

மாமா நாற்பத்தெட்டை எல்லாருக்கும் சொல்லித் திரிகிறார். மாமிதான் ஒன்றும் கதைக்கவில்லை. நீங்கள் டிசெம்பரில் வந்து சொன்ன நாளில் இருந்தே அவா அப்படித்தான். பெறுபேறு தெரிந்ததும் குசினியில் இருந்து, "உண்மையைச் சொன்னதுக்கோ குடுத்தவங்கள்?" என்று மட்டும் கேட்டா. ஓம் என்றேன். "ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையோ?" என்றா. இல்லை மாமி, கதிரை போட்டுக் குடுத்தவை என்றேன்.

இன்று காலை சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றா. "பிள்ளை, என்னையொருக்கா கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றா. ஏன் என்று கேட்டேன். சட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினா. தோளுக்குக் கீழே, தோலுக்குள், கடலை அளவில் ஒரு கறுப்பு. கை வைத்தால் அசைகிறது. உங்களுக்குக் காதால் ரத்தம் வந்த அதே செல்லாம். குளிருக்கு நோகுமாம். மாமாவுக்குக்கூட, விழுந்த தழும்பு என்றுதான் சொல்லியிருக்கிறா. நான் இரண்டு வருடமாக அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறேன், கோகுலன். அந்த இடம் வந்ததும் "காணும் பிள்ளை" என்பா. நானும் நிறுத்திவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய வரிசை. துண்டு எழுதுகிற பெட்டை நிமிர்ந்து பார்க்காமல், "என்ன வருத்தம் அம்மா?" என்றாள். மாமி என் கையைப் பிடித்தா. இரண்டு பக்கமும் பார்த்தா. பிறகு, இந்த வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத சத்தத்தில், "செல் துண்டு. பதினாறு வருசமா உள்ளுக்குக் கிடக்கு" என்றா.

எழுதுகிற பெட்டை நிமிர்ந்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு மனுசி நின்றவா, ஆரென்றே தெரியாது. அவா குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் இருக்கு பிள்ளை. நான் காய்ச்சல் எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்றா.

லக்சிகா